கேஸ் தீர்வதில்லை, கசிகிறது: ஃப்ரிட்ஜ் பழுதில் நாம் கேட்கத் தவறும் கேள்வி

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சென்னையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளுக்கு ஓய்வு கிடையாது. ஐஸ் பிடிக்கவில்லை, பால் திரிந்துவிட்டது, மாவு ஒரே நாளில் புளித்துப் பொங்கிவிட்டது என்று அழைப்புகள் வரும். வந்து பார்ப்பவர் கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கேஸ் தீர்ந்துவிட்டது, ஏற்றினால் சரியாகிவிடும்” என்கிறார். ஏற்றிய மறுநாள் ஐஸ் பிடிக்கிறது. சில மாதங்களில் அதே குறை, அதே பதில், மீண்டும் செலவு. இதை ஆண்டுதோறும் வரும் பராமரிப்பு என்றே பல வீடுகளில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே தவறுகிறது என்று புரிய, ஃப்ரிட்ஜுக்குள் கேஸ் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சமையல் கேஸ் வேறு, ஃப்ரிட்ஜ் கேஸ் வேறு

அடுப்பில் கேஸ் எரிகிறது, ஆகவே தீர்கிறது. ஃப்ரிட்ஜில் அது எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தைச் சுமந்து வந்து வெளியே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு மறுபடி உள்ளே போகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

கம்ப்ரசர் அதை அமுக்கிச் சூடான உயரழுத்த வாயுவாக்கி வெளியே தள்ளுகிறது. பின்புற வலையிலோ பக்கச் சுவர்களுக்குள்ளோ ஓடும் கன்டென்சர் குழாயில் அந்தச் சூடு அறைக்குள் இறங்க, வாயு திரவமாகிறது. பிறகு ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டரைத் தாண்டி, உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கேப்பிலரி என்ற செப்புக் குழாய்க்குள் நுழைகிறது. அந்த நெருக்கடியிலிருந்து விடுபட்டு ஃப்ரீசர் பக்கத்துக் குழாய்க்கு வந்ததும் அழுத்தம் சட்டென்று குறைகிறது. திரவம் குளிர்ந்து கொதித்து, சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு வாயுவாகிக் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. ஃப்ரீசருக்குள் செல்லும் இந்தப் பகுதிக்கு எவாப்பரேட்டர் என்று பெயர்.

இந்தச் சுற்றுப்பாதை தொழிற்சாலையிலேயே இணைப்பு வைத்து முழுக்க மூடப்பட்டது. மூடிய பாதையில் கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். வேறு விளக்கம் கிடையாது. சைக்கிள் ட்யூபைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பங்க்சர் கடைக்காரர் காற்றை மட்டும் அடித்து அனுப்பமாட்டார். தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டிய பிறகுதான் காற்று அடிப்பார். அந்தச் சிறு கடையில் கிடைக்கும் ஒழுங்கு, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஃப்ரிட்ஜுக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

முதலில், உண்மையிலேயே கேஸ்தான் குறைந்ததா?

குளிரவில்லை என்றாலே கேஸ் இல்லை என்று ஆகிவிடாது. கேஸ் குறைந்ததுபோலவே நடிக்கும் பழுதுகள் பல உண்டு.

1. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் மேலே ஃப்ரீசர் ஓரளவு குளிர்ந்து, கீழ்த்தட்டு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் பெரும்பாலும் டீஃப்ராஸ்ட் பழுதுதான். பனியை அவ்வப்போது உருக்கும் ஹீட்டரோ, டைமரோ, சென்சாரோ செயலிழந்து, எவாப்பரேட்டர் முழுக்கப் பனிக்கட்டியாகி, காற்று போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் முழுக்க அணைத்துக் கதவைத் திறந்து வைத்தால் பனி உருகிச் சில நாட்கள் நன்றாக வேலை செய்யும். பிறகு பழைய கதைதான். இதற்குக் கேஸ் ஏற்றுவது வீண்செலவு.

2. பழைய ஒற்றைக் கதவு வகையில் எவாப்பரேட்டரின் தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் பனி பிடித்து மீதி வெறுமையாக இருப்பது, கன்டென்சர் சூடேறாமல் கிடப்பது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடுவது ஆகிய மூன்றும் சேர்ந்து தெரிந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம்.

3. ஆனால் கேப்பிலரியோ ஃபில்டரோ அடைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய இதே அடையாளங்கள்தான் தெரியும். ஃபில்டருக்குள் நுழையும் பக்கம் வெதுவெதுப்பாகவும் வெளியேறும் பக்கம் குளிர்ந்து வியர்த்தும் இருந்தால் அடைப்பு அங்கேதான்.

4. கதவு ரப்பர் தளர்ந்திருப்பது, கன்டென்சரில் ஒட்டடை, சுவரோடு ஒட்டி நிறுத்தியிருப்பது. இவற்றைப் பார்க்க மெக்கானிக்கே தேவையில்லை.

கடைசியாகச் சொன்னது சென்னைக்கு மிக முக்கியம். ஃப்ரிட்ஜின் ஒட்டுச்சீட்டில் ‘டி’ (T) என்று தட்பவெப்ப வகை குறித்திருந்தால், சுற்றுப்புறம் 43 டிகிரி செல்சியஸ்வரை இருக்கும்போது வேலை செய்யும்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்று பொருள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த அளவு வெயில் அபூர்வம்தான். ஆனால் ஜன்னலில்லாத சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி நிற்கும் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் 43 டிகிரியைத் தாண்ட வானிலை ஆய்வு மையத்தின் பதிவேடு தேவையில்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் வெளியிலிருந்தே நோயறிவது அவசியம். வீட்டு ஃப்ரிட்ஜில் கேஜ், அதாவது அழுத்தமானி, மாட்டிப் பார்க்க வால்வு கிடையாது. கம்ப்ரசரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நசுக்கி மூடிய குழாயை வெட்டியோ துளைத்தோதான் மாட்ட வேண்டும். பார்ப்பதற்காகத் திறந்தாலே, நல்ல நிலையில் இருந்த கேஸும் போய்விடும்.

சென்னையில் ஓட்டை எங்கே விழுகிறது

மிகப் பரவலான முதல் குற்றவாளி கத்தி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் உறைந்த பனியைக் கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ பெயர்க்கும்போது, அதற்கடியில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகட்டில் துளை விழுகிறது. ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டால் அந்த நொடியே கேஸ் வெளியேறிக்கொண்டிருக்கிறது. பனியை உருகவிட வேண்டும், ஒருபோதும் குத்திப் பெயர்க்கக் கூடாது.

இரண்டாவது, கடற்காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம், ராயபுரம், காசிமேடு என்று கடலை ஒட்டிய பகுதிகளில் காற்றோடு வரும் உப்பு, உலோகத்தின் மேல் ஈரமாகப் படிகிறது. செம்பும் அலுமினியமும் சேரும் இணைப்பில் இந்த உப்பீரம் பட்டால் அந்த இடம் ஒரு சிறு மின்கலம்போல் ஆகி அலுமினியத்தை அரிக்கிறது. சாக்கடையிலிருந்தும் தேங்கிய கழிவுநீரிலிருந்தும் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்கச் செய்து அரிக்கக்கூடியது. கூவம் கரையோரம் வசிப்பவர்களுக்கு அந்த வாடை பழக்கமானது.

செம்புக் குழாயில் இன்னொரு வகை அரிப்பும் உண்டு. ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்றவற்றின் ஆவியும் ஈரமும் காற்றும் சேர்ந்து, குழாயின் சுவருக்குள் எறும்புப் புற்றைப்போலக் கிளைகிளையாக நுண்துளைகளைக் குடைகின்றன. வெளிப்பார்வைக்குச் சிறு கறைதான் தெரியும்.

மூன்றாவது, கதவுச் சட்டத்துக்குள் ஓடும் குழாய். கதவு ரப்பரைச் சுற்றி நீர் வியர்க்காமல் இருக்க, சூடான கேஸ் ஓடும் இரும்புக் குழாயைச் சட்டத்துக்குள் பதித்திருப்பார்கள். ஈரம் புகுந்தால் அது உள்ளேயே துருப்பிடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ வீடுகளில் ஃப்ரிட்ஜ்கள் நீரில் நின்றன. மூடிய குழாய்க்குள் வெள்ளநீர் நுழையாது. ஆனால் நனைந்த ஃபோம் எளிதில் உலராது. அந்த ஈரத்தில் தொடங்கிய துரு, மழையை எல்லோரும் மறந்த பிறகு கசிவாக வெளிப்படலாம்.

கம்ப்ரசரின் அதிர்வில் ஒன்றோடொன்று உரசித் தேயும் குழாய்கள், சரியாகப் பற்றாத பழைய வெல்டிங் ஆகியவை மற்ற வழக்கமான இடங்கள்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கும் முறை

கருவியை எடுக்கும் முன்பே ஒரு கணக்கு உதவும். கடைசியாகக் கேஸ் ஏற்றி எத்தனை நாளில் குளிர்ச்சி போனது? இரண்டே நாளில் போனால் ஓட்டை பெரிது, சோப்பு நுரையிலேயே தெரிந்துவிடும். 45 கிராம் பிடிக்கும் ஃப்ரிட்ஜில் 15 கிராம் குறைய ஓராண்டு ஆனது என்றால், கசிவு நாளொன்றுக்கு 0.04 கிராம். அந்த அளவுக்கு நுரை போட்டு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு “லீக் எதுவும் இல்லை” என்று சொல்வது சோதனையே ஆகாது.

1. கண்ணால் பார்த்தல். கேஸ் கசியும்போது கம்ப்ரசர் எண்ணெயும் துளித்துளியாக வெளியேறும். அதில் தூசி ஒட்டும். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்த இடம் தெரிந்தால் முதல் சந்தேகம் அங்கே.

2. மின்னணுக் கசிவுமானி. ஃப்ரிட்ஜில் இருப்பது ஆர்134ஏ போன்ற எரியாத கேஸ் என்றால் ஒரு வகை, எரியக்கூடிய ஆர்600ஏ என்றால் வேறு வகை. இரண்டாவது வகை சமையல் கேஸுக்கும் கைகளில் தேய்க்கும் சானிட்டைசருக்கும்கூட ஒலி எழுப்பும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இணைப்பின் அடிப்பக்கமாக மெதுவாக நகர்த்த வேண்டும், ஏனெனில் இந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. பழைய தலைமுறை மெக்கானிக்குகள் சுடர் பச்சையாக மாறுவதைப் பார்த்துக் கசிவு சொல்லும் விளக்கைப் பயன்படுத்தினார்கள். அது குளோரின் உள்ள கேஸுக்கு மட்டுமே பேசும். ஆர்134ஏவில் குளோரின் இல்லை, ஆர்600ஏ எரியும் வாயு என்பதால் சுடரைப் பக்கத்தில் கொண்டுபோவதே ஆபத்து.

3. நைட்ரஜன் அழுத்தச் சோதனை. மிகவும் நம்பகமானது இதுதான். இருக்கும் கேஸை முறையாக அகற்றிவிட்டு, உலர் நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக, உற்பத்தியாளர் அனுமதிக்கும் அழுத்தத்துக்கு ஏற்றி, எல்லா இணைப்புகளிலும் நுரை போட வேண்டும். பிறகு கேஜைப் பல மணி நேரம் விட்டு வைக்க வேண்டும். 10 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) ஏற்றி வைத்திருக்கும்போது அறை வெப்பம் 35 டிகிரியிலிருந்து 30க்கு இறங்கினால், கசிவே இல்லாமலும் முள் 0.18 பார் அளவுக்கு இறங்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். நைட்ரஜன் இல்லையே என்று ஆக்சிஜனை ஏற்றுவது உயிரைப் பணயம் வைப்பது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.

4. பிரித்துச் சோதித்தல். கசிவு உண்டு, இடம் தெரியவில்லை என்றால் கன்டென்சர் பக்கத்தையும் எவாப்பரேட்டர் பக்கத்தையும் தனித்தனியாக அடைத்து அழுத்தம் ஏற்ற வேண்டும். கதவுச் சட்டக் குழாயையும் இப்படித் தனியாக்கலாம். எந்தப் பகுதியின் முள் இறங்குகிறதோ, ஓட்டை அங்கே.

கசிவை அடைக்கும் திரவம் என்று விற்கப்படுபவை, முடி அளவே உள்ள கேப்பிலரியையும் அடைத்துவிடக்கூடும். அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

ஆர்600ஏ: கசிவு உள்நோக்கியும் நடக்கும்

இங்குதான் ‘கொஞ்சம் கேஸ் போட்டுவிடலாம்’ என்ற பழக்கம் பெரும் சேதத்தில் முடிகிறது. முன்பு ஃப்ரிட்ஜ்களில் ஆர்12 என்ற கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் அது விலக, ஆர்134ஏ வந்தது. இப்போதைய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பரவலாக இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன்.

எவாப்பரேட்டர் −20 டிகிரியில் இருக்கும்போது ஆர்134ஏவின் அழுத்தம் ஏறத்தாழ 1.3 பார். வெளிக்காற்றின் அழுத்தம் 1 பார். ஆகவே துளை விழுந்தால் கேஸ் வெளியே போகும். அதே வெப்பநிலையில் ஐசோபியூட்டேனின் அழுத்தம் சுமார் 0.7 பார்தான். வெளிக்காற்றைவிடக் குறைவு. கம்ப்ரசர் ஓடும்போது அந்தப் பக்கத்து ஓட்டை காற்றை உள்ளே இழுக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது நுரை போட்டால் குமிழி வராது. நுரையே உள்ளே போகும்.

இப்படி நுழைந்த காற்று கன்டென்சரில் திரவமாகாமல் தேங்கி அழுத்தத்தை ஏற்றி, கம்ப்ரசரைக் கொதிக்கவைக்கிறது. காற்றோடு ஈரமும் வருகிறது. சென்னையின் புழுக்கமான நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். கேப்பிலரியின் வாயில் ஒரு துளி உறைந்தாலே பாதை அடைத்துவிடும். சற்று நேரம் குளிர்ந்து, நின்று, மறுபடி குளிரும் ஃப்ரிட்ஜில் பல சமயம் நடப்பது இதுதான். இதன் மேல் கேஸை நிரப்பினால் காற்றும் ஈரமும் உள்ளேயே இருக்க, பழுது இன்னும் சிக்கலாகும்.

அதனால் ஓட்டையை அடைத்து, ஃபில்டரைப் புதிதாக மாற்றி, பிறகு வாக்குவம் போட வேண்டும், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் நீர் கொதிக்க அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இறங்க வேண்டும் (சாதாரணக் காற்றழுத்தம் 760). எண்ணெயிலும் மூலைகளிலும் ஒளிந்த ஈரம்வரை வெளியேற, அரை மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுபோவது நல்ல தொழில்முறை. இதற்கு முறையான வாக்குவம் பம்ப் வேண்டும். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரைப் பம்பாக மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டுவது அந்த ஆழத்துக்குப் போகாது.

கேஜ் முள்ளை நம்பி ஏற்றக் கூடாது

எவ்வளவு கேஸ் என்பது ஃப்ரிட்ஜின் ஒட்டுச்சீட்டில் கிராமில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆர்600ஏ என்றால் பல வீட்டு ஃப்ரிட்ஜ்களில் 30 முதல் 70 கிராம் அளவில் இருக்கும். அதே பெட்டிக்கு ஆர்134ஏ தேவைப்படுவதில் பாதிக்கும் குறைவு. ஆர்134ஏவில் பழகிய கை, வெளிக்காற்றின் அழுத்தத்தையே பூஜ்யமாகக் காட்டும் கேஜின் முள் ஆர்600ஏவில் அதற்கும் கீழே நிற்பதைப் பார்த்துப் பதறி, முள் மேலே வரும்வரை ஏற்றிக்கொண்டே போகும். அது அளவுக்கு மிஞ்சிவிடும். கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய் வெளியேவரை பனி பூத்து, திரவமே கம்ப்ரசருக்குள் போய் அதைக் கெடுக்கும்.

ஒரு கிராம் துல்லியமுள்ள மின்னணுத் தராசில் கேஸ் டப்பாவை வைத்து, எடை குறைவதைப் பார்த்து ஏற்றுவதுதான் சரி. இணைக்கும் ஹோஸின் அளவையும் மறக்கக் கூடாது. ஒரு மீட்டர் ஹோஸ் முழுக்கத் திரவம் நின்றால் அதுவே 10 கிராம்வரை இருக்கும். 45 கிராம் கணக்கில் 10 கிராம் என்பது சிறு பிழை அல்ல.

ஒரு கேஸுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றுவதும், சமையல் கேஸையோ லைட்டர் கேஸையோ நிரப்புவதும் கூடவே கூடாது. மலிவான போலிச் சிலிண்டர்களும் சாதாரண விஷயம் அல்ல. 2011இல் மெத்தில் குளோரைடு கலந்த போலி ஆர்134ஏ ஏற்றப்பட்ட கப்பல் கொள்கலன்களின் குளிர்பதன இயந்திரங்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். அந்த வேதிப்பொருள் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் சேர்மமாகிறது.

எரியும் கேஸ்: எவ்வளவு பயப்பட வேண்டும்?

‘ஃப்ரிட்ஜ் வெடித்தது’ என்ற செய்தி வரும்போதெல்லாம் ஆர்600ஏ பற்றிய பீதி எழுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 45 கிராம் ஐசோபியூட்டேன் முழுவதும் வெளியேறினால் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 19 லிட்டர் வாயு. காற்றில் 1.8 சதவீதம் சேர்ந்தால்தான் அது தீப்பற்றும். 18 கன மீட்டர் சமையலறையில் சீராகப் பரவினால் 0.1 சதவீதம்தான். பக்கத்தில் நிற்கும் 14.2 கிலோ சமையல் சிலிண்டரில் இதைப்போல 300 மடங்குக்கு மேல் எரிவாயு இருக்கிறது.

ஆனால் 200 லிட்டர் பெட்டிக்குள்ளேயே கசிந்து, கதவு மூடியிருந்தால் கதை வேறு. வெறும் 9 கிராம் சேர்ந்தாலே எரியும் எல்லையைத் தாண்டிவிடும். சமையல் கேஸில் சேர்க்கப்படும் எச்சரிக்கை வாடை இதில் கிடையாது. அதனால்தான் இவ்வகை ஃப்ரிட்ஜ்களில் தீப்பொறி வெளிவராத சுவிட்சுகளும் தெர்மோஸ்டாட்டும் வைக்கிறார்கள். பழுதுபார்ப்பவர் அவற்றுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்ததைப் பொருத்துவது, அந்தப் பாதுகாப்பையே கழற்றி எறிவது. கத்தி பட்டு ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் ஃப்ரிட்ஜ் கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டு, அடுப்பை அணைத்து, அங்குள்ள எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, முடிந்தால் வீட்டின் மெயினை அணைக்க வேண்டும்.

பழுதுபார்க்கும் இடத்தில் இருக்கும் ஆபத்து இதைவிடப் பெரிது. கேஸ் மிச்சமிருக்கும் குழாயில் வெல்டிங் சுடரை வைப்பதே விபத்துக்கு வழி. திறந்த வெளியில் கேஸை வெளியேற்றி, நைட்ரஜனால் அலசிய பிறகே தீயை மூட்ட வேண்டும். தீயே இல்லாமல் அழுத்தி இணைக்கும் லோக்ரிங் இணைப்பு இன்னும் பாதுகாப்பானது.

ஆர்134ஏவை மட்டும் காற்றில் திறந்துவிடக் கூடாது, சிலிண்டரில் மீட்டெடுக்க வேண்டும். அது கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் திறனுள்ளது. 120 கிராமை வெளியேவிட்டால் 170 கிலோ கார்பன் டை ஆக்சைடை விட்டதற்குச் சமம். இவ்வகைக் கேஸ்களைக் குறைப்பதற்காக மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் செய்யப்பட்ட 2016 கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. 2032 முதல் படிப்படியாகக் குறைத்து 2047க்குள் 85 சதவீதம் குறைப்பது நம் கடமை.

சரிசெய்வதா, விட்டுவிடுவதா?

வெளியே தெரியும் இணைப்பில் கசிவு என்றால் தயங்காமல் சரிசெய்யலாம். கதவுச் சட்டக் குழாயில் என்றால் அதைத் துண்டித்துவிட்டு வெளியே மாற்றுப் பாதை போடலாம். ரப்பர் ஓரம் கொஞ்சம் வியர்க்கும், அதைத் துணியால் துடைத்துக்கொண்டால் போதும். ஃபோமுக்குள் புதைந்த எவாப்பரேட்டர் பக்கக் குழாயில் கசிவு என்றால், பத்து ஆண்டுக்கு மேல் ஓடிய ஃப்ரிட்ஜில் செலவழிப்பது பெரும்பாலும் பயன் தராது. இதை மெக்கானிக் நேர்மையாகச் சொல்லும்போது, வேலை தெரியாதவர் என்று எண்ணி அவரை அனுப்பிவிடக் கூடாது.

ஓட்டையைத் தேடவும், நைட்ரஜன் ஏற்றிக் காத்திருக்கவும், வாக்குவம் போடவும் நேரம் பிடிக்கும். அரை மணி நேர வேலைக்கான கூலியைக் கொடுத்துவிட்டு அரை நாள் வேலையை எதிர்பார்ப்பது நியாயமல்ல. அந்த நேரத்துக்குப் பணம் கொடுக்கத் தயார் என்று முன்பே சொல்லிவிட்டு, எந்த இடத்தில் கசிவு இருந்தது, எந்தக் கேஸ், எத்தனை கிராம், என்ன தேதி என்ற நான்கையும் ஒரு சிறு சீட்டில் எழுதிக் கம்ப்ரசருக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். மறுபடி குளிர்ச்சி குறைந்தால், அடுத்து வருபவர் தன் கசிவுக் கணக்கை அந்தச் சீட்டிலிருந்தே தொடங்குவார்.